கண்ணாடியைக் கழற்றிப் பார்த்த போர்வை

துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கிற ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றை ஆரம்பித்தேன். முப்பது கட்டங்களில் ஒன்பதைத் தைத்து முடித்ததும் அதை ஒரு பையில் திணித்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். இரண்டு வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. யாராவது கேட்டால் "எங்கே நேரம்?" என்பேன். நேரம் இல்லாதது உண்மைதான். ஆனாலும் அசல் காரணம் வேறு. தைத்தவரைக்கும் பார்க்கவே பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்றும் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு துணியும் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்தது. தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாமே கொள்ளை அழகு. சேர்த்துத் தைத்தால் மட்டும் கலங்கிய குட்டை மாதிரி இருந்தது.

நான் போட்டிருந்த திட்டம் பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. அகலம் 60 அங்குலம், நீளம் 72 அங்குலம். 12 அங்குலக் கட்டங்கள், அகலவாக்கில் 5, நீளவாக்கில் 6. ஒரு கட்டத்துக்குள் 3 அங்குலச் சதுரங்கள் நாலுக்கு நாலாகப் பதினாறு. கட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு கோடு இழுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆறு சதுரம் வெளிர் துணி, அந்தப் பக்கம் ஆறு சதுரம் அடர் துணி. கோடு ஓடுகிற நாலு சதுரங்கள் மட்டும் இரண்டு முக்கோணங்களை இணைத்தவை, ஒன்று வெளிர், ஒன்று அடர்.

கட்டம் இவ்வளவுதான். ஆனால் முப்பதையும் தரையில் பரப்பித் திருப்பித் திருப்பி வைத்தால் உழுத வயல் மாதிரி சாய்கோடுகள் வரும், மின்னல் கீற்று வரும், வைரத்துக்குள் வைரம் வரும். வேறு எதையும் மாற்ற வேண்டாம், கட்டத்தைத் திருப்பினால் போதும். அந்த வேடிக்கைக்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். என் ஒன்பது கட்டங்களை எப்படித் திருப்பினாலும் வயலும் வரவில்லை, வைரமும் வரவில்லை.

சித்தி ஒரு வாரம் வந்து தங்கியிருந்தபோது அந்தப் பையை இறக்கிக் காட்டினேன். ஆயுசு முழுக்கத் தைத்தவர். மெஷின் சத்தத்தை வைத்தே ஊசி முனை மழுங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஒன்பதையும் கட்டிலில் பரப்பினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே அரைக்கண்ணால் பார்த்தார்.

"ஏண்டி, மூலைக்கு மூலை ஒரு கோடு வரும்னு சொன்னியே, அது எங்க இருக்கு?"

"இதோ இருக்கே சித்தி, இந்தப் பக்கம் வான்நீலம், அந்தப் பக்கம் கிளிப்பச்சை."

"கண்ணாடி போட்டாதான் அது தெரியுது. கழட்டினா எல்லாம் ஒரே மொழுக்குன்னு இருக்கு."

அவர் ஏதோ சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், கோடு காணவில்லை. போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். ஒன்பது கட்டங்களும் சிமெண்டுப் பூச்சு மாதிரி ஒரே சாம்பலில் இருந்தன. வான்நீலமும் கிளிப்பச்சையும் ஒரே சாம்பல். ரோஜா நிறமும் ஆரஞ்சும்கூட ஏறக்குறைய அதே சாம்பல். இரண்டு வருடம் என்னை அந்தப் பைப் பக்கமே போகவிடாமல் வைத்திருந்தது இதுதான்.

விஷயம் இது. நிறம் வேறு, வெளிச்சம் வேறு. சிவப்பும் பச்சையும் நிறத்தில் எவ்வளவு தூரமாக இருந்தாலும் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்து வீடாக இருக்கலாம். ஒட்டுத்துணிப் போர்வையில் வடிவத்தை வரைவது பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசம்தான். நிறம் அதற்கு மேல் பூசுகிற பூச்சு. ஒரு அடி தூரத்தில் வைத்துத் தைக்கும்போது நிறம்தான் கண்ணில் படும். பத்து அடி தள்ளி நின்றால் வெளிச்சம்தான் தெரியும். போர்வையைப் பார்க்கிறவர்கள் பத்து அடி தள்ளித்தான் நிற்பார்கள்.

மறுநாள் வீட்டில் இருந்த எல்லாத் துணியையும் கீழே இறக்கினேன். ஒவ்வொன்றையும் ஒரே அகலத்தில் மடித்து, மிக வெளிரானதில் ஆரம்பித்து மிக அடர்த்தியானதுவரை வரிசையாக அடுக்கினேன். படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையில் பார்த்து, இடம் தவறியவற்றை மாற்றினேன். மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது. அதிகம் ஏமாற்றியது சிவப்பு. கண்ணுக்குப் பளிச்சென்று இருந்ததால் வெளிர்ப் பக்கம் வைத்திருந்தேன். படத்தில் பார்த்தால் அது கருநீலத்துக்குப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. இதைச் செய்வதாக இருந்தால் பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில் செய்யுங்கள். ராத்திரி மஞ்சள் விளக்கில் அடுக்கினால் காலையில் மறுபடி அடுக்க வேண்டியிருக்கும்.

வரிசையாக வைத்ததும் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது. எனக்குப் பிடித்த எட்டுத் துணிகளும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இரண்டு கோடியிலும் ஆளே இல்லை. நல்ல வெளிர் என்று சொல்ல ஒன்று, நல்ல அடர் என்று சொல்ல ஒன்று, அவ்வளவுதான். துணி பார்க்கப் போனால் என் கை தானாகவே நடுவில் இருப்பதைத்தான் எடுக்கிறது. எல்லாருக்கும் இப்படித்தானா தெரியாது, எனக்கு இதுதான் வியாதி. சந்தன நிறம், வெங்காயச் சருகு நிறம், மெல்லிசான கோடு போட்ட வெள்ளைச் சட்டைத் துணி, இவையெல்லாம் தனியாகப் பார்த்தால் சப்பென்று இருக்கும். யாரும் ஆசைப்பட்டு எடுக்க மாட்டார்கள். ஆனால் இவை இல்லாமல் வெளிர்ப் பக்கம் என்று ஒன்றே இல்லை.

அடர்ப் பக்கத்துக்குக் கருநீலம், அரக்கு, அடர்ந்த மயில்பச்சை என்று சேர்த்தேன். அப்புறம் ஒரு பழைய சட்டை. மண்ணுக்கும் சாணிக்கும் இடைப்பட்ட ஒரு நிறம், அழுது வடிகிற துணி. வீட்டில் அதை அழுமூஞ்சி என்றே கூப்பிட்டோம். எதற்கும் ஆகாது என்று ஒதுக்கி வைத்திருந்ததை, அடர்த் துணி எண்ணிக்கை குறைகிறதே என்று வேண்டாவெறுப்பாகச் சேர்த்தேன். அதன் பக்கத்தில் வைத்த அரக்கு அன்றைக்குத்தான் உயிரோடு தெரிந்தது. மங்கலான துணி ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் பளிச்சென்ற துணி பளிச்சென்று தெரிகிறது. எட்டும் பளிச்சென்று இருந்தபோது எதுவுமே பளிச்சென்று இல்லை.

கடைசியில் வெளிரில் பதின்மூன்று, அடரில் பதினொன்று என்று நின்றது. என் பழைய எட்டில் ஐந்து இதில் இடம் பிடித்தன. நடுத்தரமான துணிகளைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. கருநீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பாசிப்பச்சை வெளிராகிவிடும், சந்தனத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவே அடராகிவிடும். நான் வைத்துக்கொண்ட ஒரே கட்டுப்பாடு, கோடு ஓடுகிற முக்கோணங்களில் நடுத்தரம் வரக்கூடாது என்பது. அந்த இடம் கத்தியால் கீறியது மாதிரி இருக்க வேண்டும். உள்ளே, மூலைகளில், கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. சொல்லப்போனால் அது நன்றாகவே இருக்கிறது.

மஞ்சளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுத்தமான மஞ்சள் ஒரு சதுரம் இருந்தாலும் பார்க்கிற கண் நேராக அங்கேதான் போகும். பளீர் வெள்ளையும் அப்படித்தான். முப்பது கட்டத்துக்கும் மஞ்சளில் ஏழே ஏழு சதுரங்கள்தான் வைத்திருக்கிறேன், அதையும் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி.

அச்சின் அளவு இன்னொரு தலைவலி. உள்ளங்கை அகலத்துக்குப் பூப்போட்ட துணி ஒன்று வைத்திருந்தேன், பார்த்தாலே மனம் நிறையும். மூன்று அங்குலச் சதுரமாக வெட்டினால் ஒரு சதுரத்தில் பாதி இதழ், இன்னொன்றில் வெறும் பின்னணி, மற்றொன்றில் ஏதோ கறை மாதிரி ஒரு திட்டு. ஒரே துணியிலிருந்து ஒரு சதுரம் வெளிராகவும் ஒரு சதுரம் அடராகவும் வந்தது. துணியைப் பிடிக்கும் என்பதற்காக அதை வெட்டிக் கொலை செய்யக்கூடாது. அப்படிப்பட்டதைப் பெரிய துண்டாகவே வைக்கிற போர்வைக்கோ பின்பக்கத்துக்கோ எடுத்துவைப்பது நல்லது. எடுப்பதற்கு முன்னால் ஒரு அட்டையில் மூன்று அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, அந்த ஓட்டை வழியாகத் துணியைப் பாருங்கள். போர்வையில் அது எப்படித் தெரியப்போகிறது என்பது அந்த ஓட்டையில் தெரிந்துவிடும். இந்த அட்டை இப்போது என் கைப்பையிலேயே இருக்கிறது.

பொடிப்பொடியான அச்சு தூரத்தில் வெற்றுத்துணி மாதிரி தெரியும், அது வசதி. எல்லாமே பொடி அச்சாக இருந்தால் மட்டும் கண் உளைச்சல் எடுக்கும். இடையிடையே நிஜமான வெற்றுத்துணி இரண்டு மூன்று இருந்தால் கண்ணுக்கு உட்கார ஒரு திண்ணை கிடைக்கும். கோடு போட்ட துணியில் ஒரு தொல்லை, வெட்டு இம்மி சாய்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

துணியின் ரகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுத்தரக் கனமுள்ள பருத்திதான் கைக்கு அடங்கும். இஸ்திரிக்கு மடியும், மடிந்தது நிற்கும். பாலியெஸ்டர் கலந்தது மடிப்பு நிற்காமல் எழுந்து எழுந்து வரும். பனியன் துணி இழுபடும். ஆசைப்பட்ட பனியன் ஏதாவது இருந்தால் பின்பக்கம் இஸ்திரி போட்டு ஒட்டுகிற மெல்லிய கேன்வாஸ் ஒட்டிவிட்டு வெட்ட வேண்டும். பழைய சட்டைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய ஆள் சட்டை ஒன்றின் முதுகில் மட்டும் முப்பது சதுரம்வரை தேறும். ஆனால் முதலில் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். தோள்பட்டை, முழங்கை, அக்குள் பக்கம் எல்லாம் நைந்து சல்லடையாக இருக்கும். நைந்த துணியைப் புதுத் துணியோடு சேர்த்துத் தைத்தால் புதுசு இழுக்கும், பழசு கிழியும். எனக்கு ஒரு சதுரம் இஸ்திரி போடும்போதே தையலை ஒட்டிப் பிளந்துகொண்டது. போர்வையாகி ஒரு வருடம் கழித்து அப்படி ஆகியிருந்தால் மாற்றுவதற்குள் உயிர் போயிருக்கும்.

வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு தரம் தண்ணீரில் போட்டு அலசினேன். பருத்தி சுருங்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு சுருங்கும். சாயமும் போகும். எந்தத் துணியின் மேலாவது சந்தேகம் இருந்தால் அதில் ஒரு சின்னத் துண்டை நனைத்து, வெள்ளைத் துணி மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு நிமிடம் வையுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் திரும்பத் திரும்ப வெந்நீரில் அலச வேண்டும், நிறம் வடிவது நிற்கும்வரை. உப்புப் போட்டு ஊறவை, வினிகர் ஊற்று என்று நாலு பேர் சொல்வார்கள். ஏற்கெனவே சாயம் ஏற்றி முடித்த பருத்தியில் அது பிடிமானம் எதையும் கூட்டாது. ஒட்டாமல் தங்கிய சாயம் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். என் அரக்கு ஐந்து தண்ணீர் வாங்கியது. ஆறாவது தண்ணீரும் சிவந்திருந்தால் அதைப் போர்வையில் சேர்த்திருக்க மாட்டேன். சந்தன நிறத்தின் மேல் சிவப்பு ஏறினால் யாரிடம் போய் அழுவது?

எவ்வளவு துணி என்பதிலும் ஒரு பாடம் கிடைத்தது. 3 அங்குலச் சதுரம் கிடைக்க மூன்றரை அங்குலம் வெட்ட வேண்டும், நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். பரப்பளவில் கணக்குப் போட்டால் 36 சதவீதம் கூடுதல். அதே போர்வையை 2 அங்குலச் சதுரத்தில் தைத்தால் 56 சதவீதம் கூடுதல் துணி வேண்டும். துண்டு சின்னதாக ஆக ஆகத் துணி, நூல், பொறுமை மூன்றும் கூடுதலாகச் செலவாகும். 44 அங்குல அகலத் துணியில் கரையை வெட்டித் தள்ளிய பிறகு ஒரு பட்டைக்குப் பன்னிரண்டு சதுரம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

அப்படியும் கருநீலம் இருபத்திரண்டாவது கட்டத்தில் தீர்ந்துபோனது. எல்லாக் கட்டத்திலும் ஒரு கருநீலமாவது இருக்க வேண்டும் என்பது நானே போட்ட சட்டம், பலவிதமான துணிகளை ஒரே குடும்பமாகக் காட்ட அது உதவும். மறுபடி வாங்கிய கருநீலம் கையில் பார்த்தால் அதேதான். பக்கத்தில் வைத்தால் ஒரு சாயல் ஊதா. கடைசி எட்டுக் கட்டங்களையும் போர்வையின் ஒரே ஓரத்தில் வைத்திருந்தால் அங்கே மட்டும் மாலை நேரம் ஆகியிருக்கும். அடுக்கும்போது எட்டையும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறவிட்டேன், இப்போது வேண்டுமென்றே இரண்டு நீலம் வைத்த மாதிரி இருக்கிறது. தீரும் என்று தெரிந்தால் தீருவதற்கு முன்னாலேயே இரண்டாவதைக் கலந்துவிட வேண்டும்.

சரி, அந்தப் பழைய ஒன்பது கட்டங்கள். துணி மட்டுமல்ல, தையலும் தப்பு என்பது அளந்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றும் ஓரம் சேர்த்துப் பன்னிரண்டரை அங்குலம் இருக்க வேண்டும். என்னுடையவை 12 அங்குலத்துக்கு மேல் ஒரு நூல் (எட்டு நூல் சேர்ந்தால் ஒரு அங்குலம்), இரண்டு நூல், மூன்று நூல் என்று ஆளுக்கொரு அளவில் இருந்தன. துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷின் பாதத்தின் ஓரத்தை வைத்து ஓட்டினால் கால் அங்குலம் என்று நானாக நம்பிக்கொண்டிருந்தேன். பாதத்தை யாரும் எனக்காக அளந்து செய்யவில்லை. தையல் அரை நூல் உள்ளே போனால் ஒரு இணைப்பில் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு நூல் குறையும். போர்வையின் அகலத்தில் இருபது சதுரம், பத்தொன்பது இணைப்பு. இரண்டேகால் அங்குலத்துக்கு மேல் காற்றோடு போய்விடும்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப் பட்டையை அளக்க வேண்டும். சரியாக ஒரு அங்குலம் இருந்தால் உங்கள் கால் அங்குலம் சரி. துணி மடிகிற இடத்தில் மயிரிழை அளவு மடிப்புக்கே போய்விடுவதால், சரியாகக் கால் அங்குலத்தில் தைத்தால்கூட நடுப் பட்டை கொஞ்சம் ஒல்லியாக வரும். ஒரு இழை குறைவாகத் தைக்க வேண்டும். நான் நாலு முறை முயன்று, சரியான இடத்தில் மெஷின் தட்டின் மேல் ஒரு தடித்த டேப்பை ஒட்டிவிட்டேன். துணி அதில் உரசிக்கொண்டே போகும். ஊசி 80/12, தையல் நீளம் இரண்டு மில்லிமீட்டர். ரொம்ப நீளமாக வைத்தால் வெட்டிய முனையில் தையல் அவிழும்.

ஒன்பதில் இரண்டைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது, துணியோரம் நூல் நூலாகப் பிரிந்தது. போதும் என்று விட்டுவிட்டேன். பிரித்த இரண்டையும் ஒப்பேற்றித் தைத்து, ஒன்பதையும் மூன்றுக்கு மூன்றாகச் சேர்த்து, உள்ளே ஒரு பழைய கம்பளியை வைத்து இஸ்திரி போட விரிக்கிற மெத்தையாக்கிக்கொண்டேன். அதற்கப்புறம் தைத்த முப்பது கட்டங்களும் அந்த ஒன்பதின் மேல்தான் இஸ்திரி வாங்கின. தப்பாகத் தைத்ததை எல்லாம் திருத்தித்தான் ஆக வேண்டும் என்ற பிடிவாதம்கூட வேலை நின்றுபோக ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு வருடம் நான் தள்ளிப்போட்டது புதுக் கட்டத்தை அல்ல, அந்தப் பழைய கட்டங்களைப் பிரிப்பதை.

முக்கோணங்களுக்குத் தனியாக வெட்டாதீர்கள். குறுக்கு வெட்டில் துணி ரப்பர் மாதிரி இழுபடும். 4 அங்குலத்தில் வெளிர் ஒன்று, அடர் ஒன்று, முகத்தோடு முகம் வைத்து, வெளிரின் பின்பக்கம் மூலைக்கு மூலை பென்சில் கோடு இழுத்து, கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்துவிட்டு, அப்புறம் கோட்டில் வெட்டினால் இரண்டு சதுரங்கள் தயார். மூன்றரைக்கு ஒரு நூல் பெரிதாக வரும், அதை ஸ்கேல் வைத்துச் சீவிவிடலாம். எனக்கு 120 சதுரம் தேவை, அதனால் அறுபது ஜோடி. துணிக்குக் கொஞ்சம் கஞ்சி போட்டு விறைப்பாக்கிக்கொண்டால் இழுபடுவது பாதியாகக் குறையும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும். இது எனக்குப் பழக இரண்டு வாரம் ஆனது. சட்டை தேய்த்துப் பழகிய கை.

தையல் மடிப்பை அடர்த் துணியின் பக்கம் சாய்த்துவிடுவது வழக்கம், வெளிர்ப் பக்கம் சாய்த்தால் உள்ளே இருக்கிற கறுப்பு நிழலாகத் தெரியும். ஆனால் வெளிரோடு வெளிர் வருகிற இடங்களில் அந்த விதி உதவாது. அங்கே ஒரு வரிசையை இடது பக்கம், அடுத்த வரிசையை வலது பக்கம் என்று சாய்த்தேன். இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றையொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும். மூலைகள் சேர்ந்ததா என்று விரல் நுனியிலேயே தெரியும்.

வேலை நகர ஆரம்பித்தது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். தினம் ஒரு கட்டம் என்று முதலில் சபதம் எடுத்தேன், மூன்றாம் நாள் அது கவிழ்ந்தது. ஒரு கட்டத்தைத் தைக்க அரை மணி நேரம் போதும். துணி எடுத்து, எது பக்கத்தில் எது என்று யோசித்து, வெட்டி, இஸ்திரி போட்டு உட்காருவதற்குள்தான் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். களைத்துப்போய் வருகிற நாளில் யோசிக்கிற வேலையும் தைக்கிற வேலையும் ஒன்றாக வந்தால் எதுவும் நடக்காது. அதனால் பிரித்துவிட்டேன். விடுமுறை நாளில் வெட்டுவது, அடுக்குவது, ஒரு கட்டத்துக்கு ஒரு கவர் என்று போட்டு வைப்பது. மற்ற நாட்களில் ஒரு கவரை எடுத்தால் யோசனையே வேண்டாம், மெஷினில் உட்கார்ந்தால் போதும். இருபது நிமிடம் கிடைத்தால் இருபது நிமிட வேலை.

ஜோடி ஜோடியாக வைத்து, நடுவில் நூலை வெட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக மெஷினுக்குள் விட்டுக்கொண்டே போனால் தோரணம் மாதிரி பின்னால் வரும். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆரம்பத்தில் ஒரு கழிவுத் துண்டைத் தைத்துவிட்டு நல்ல துணியை விட்டால் முனையில் நூல் சுருட்டிக்கொள்ளாது. கீழ்நூல் சுற்றிய பாபினை மட்டும் அடிக்கடி எட்டிப் பாருங்கள். பதினெட்டு ஜோடியை வெறும் காற்றால் தைத்த அனுபவம் எனக்கு உண்டு.

அலமாரிக் கதவில் முப்பது பெட்டி வரைந்த தாள் ஒன்றை ஒட்டினேன். கட்டம் முடிந்தால் ஒரு பெட்டிக்கு நிறம் தீட்டுவது, குழந்தைத்தனம்தான். பதினோராவது பெட்டிக்கு அப்புறம் அந்தத் தாளுக்காகவே இரண்டு கட்டம் தைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முப்பதும் முடிய ஐந்து மாதம் ஆனது.

அடுக்குகிற நாளன்று தரை முழுவதும் துடைத்து வைரம் போட உட்கார்ந்தேன். வரவில்லை. வைரம் நடுவில் உட்கார வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் இரட்டைப்படைக் கட்டம் வேண்டும், எனக்கு அகலத்தில் ஐந்து. இதைத் தாளிலேயே போட்டுப் பார்த்திருக்கலாம். கொஞ்ச நேரம் வருத்தப்பட்டுவிட்டு, ஒரு வரிசை இப்படிச் சாய, அடுத்த வரிசை அப்படிச் சாய என்று மின்னல் கீற்றாக அடுக்கினேன். படம் எடுத்தேன், கறுப்பு வெள்ளையாக்கினேன். கோடு நின்றது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அறுந்திருந்தது, அந்தக் கட்டத்தை வேறு கட்டத்தோடு மாற்றினேன். திருப்தியாக எழுந்து, வியர்க்கிறதே என்று ஃபேனைப் போட்டேன்.

பன்னிரண்டு அங்குலக் கட்டம் பறக்காது என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். படம் இருந்ததால் பிழைத்தேன். அடுக்கியதும் படம் எடுப்பது, ஒவ்வொரு கட்டத்திலும் வரிசை எண்ணும் இட எண்ணும் எழுதிய சின்னத் தாளைக் குண்டூசியால் குத்துவது, அப்புறம்தான் ஃபேன். சுவரில் இடமிருந்தால் மெத்தென்ற பழைய போர்வை ஒன்றைக் கட்டித் தொங்கவிடலாம், பருத்தித் துண்டுகள் ஊசியில்லாமலே அதில் ஒட்டி நிற்கும்.

போர்வையின் பின்பக்கத்துக்கான முதுகுத் துணி எல்லாப் பக்கமும் 4 அங்குலம் பெரிதாக, அதாவது 68க்கு 80 வேண்டும். 44 அங்குலத் துணியில் இரண்டு அகலத்தை ஒட்டித்தான் ஆக வேண்டும். ஒட்டு நீளவாக்கில் வந்தால் 160 அங்குல நீளத் துணி பிடிக்கும், குறுக்குவாக்கில் வந்தால் 136 போதும். அரை மீட்டருக்கு மேல் மிச்சம். இந்தக் கணக்கைப் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் வீட்டிலேயே ஒரு புதுப் படுக்கை விரிப்பு இருப்பது ஞாபகம் வந்து, ஒட்டே வேண்டாம் என்று அதை வைத்துப் பார்த்தேன். நெசவு அவ்வளவு நெருக்கம், கையூசி இறங்க மறுத்தது. ஒரு கோடு தைப்பதற்குள் விரல் நுனி புண். எடுத்துவிட்டு, 136 அங்குலக் கணக்குக்கே திரும்பினேன்.

நடுவில் வைக்கிற பஞ்சு அட்டையின் உறையில், தையல் கோடுகளுக்கு இடையே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். என்னுடையதில் 8 அங்குலம். கட்டத்துக்கு ஒரு மூலைக்கோடு மட்டும் போதும் என்று நினைத்திருந்தேன், அளந்தால் கோட்டுக்குக் கோடு எட்டரை வருகிறது. இடையில் இன்னொரு கோடு சேர்த்தேன், நாலேகால் ஆனது. மூன்று அடுக்கையும் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்தி, நடுவிலிருந்து வெளியே போகிற மாதிரி ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் துணி சுருண்டு மேடு தட்டும். இதுவரை பத்தொன்பது கட்டம் முடிந்திருக்கிறது.

ஓரப் பட்டைக்கு இரண்டரை அங்குல அகலத்தில் ஏழு பட்டை வேண்டும். சுற்றளவு 264 அங்குலம், மூலைக்கும் ஒட்டுக்கும் கொஞ்சம் கூடுதல். அரை மீட்டர் துணியில் முடிந்துவிடும். எந்தத் துணி என்பதில்தான் நிற்கிறேன். அரக்கை ஒரு ஓரத்தில் குத்திப் பார்த்தேன், சட்டம் போட்ட படம் மாதிரி ஆகிவிட்டது. கருநீலம் பரவாயில்லை. சித்தி போன வாரம் வந்து, வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "அந்த அழுமூஞ்சியை வச்சுப் பாரேன்" என்றார். வைத்துப் பார்த்தேன். அதுதான். எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்தச் சட்டையில் இப்போது மிச்சமிருப்பது இரண்டு கைகளும் ஒரு காலரும். ஏழு பட்டைக்கு எங்கே போவது?